அக்குபங்சர்: நோவுக்கும் பொதுச் சுகத்துக்கும் – யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாரி நோவு, தோள்மூட்டு நோவு, முழங்கால் நோவு, தலையிடி என்று அக்குபங்சர் (சீன மரபு ஊசிச் சிகிச்சை) செய்துபார்க்க யோசிப்பவர்களுக்கான பக்கம் இது. நித்திரைக் குறைவு, பிறசர், சலரோகம் போன்றவற்றுக்கும் ஊசி குத்தலாமோ என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: சில வகை நோவுகளுக்கு அக்குபங்சர் நல்ல துணை. ஆனால் நோய்க்குப் பெயர் கண்டுபிடிக்கும் வேலையை அதனிடம் ஒப்படைக்கக் கூடாது.

ஊசிக்குள்ளே என்ன மருந்து இருக்கு?

ஒன்றுமில்லை. இது துளை இல்லாத, மெல்லிய துருப்பிடிக்காத உருக்குக் கம்பி. கை கால்களுக்கு வழமையாக 0.25 மில்லிமீற்றர் தடிப்பும் 25 முதல் 40 மி.மீ. நீளமும் கொண்ட ஊசி. முகத்துக்கு 0.16 முதல் 0.20 மி.மீ. பிட்டத் தசைக்கு மட்டும் 60 அல்லது 75 மி.மீ. நீள ஊசி தேவைப்படும். ஆஸ்பத்திரியில் மருந்தேற்றும் சாதாரண ஊசி ஏறக்குறைய 0.8 மி.மீ. தடிப்பு என்பதை நினைத்தால் பயம் பாதி குறையும்.

சீன மரபு, உடலில் 14 நாளங்களில் ‘சி’ என்னும் உயிராற்றல் ஓடுகிறது, அது தடைப்படும் இடத்தில் நோவு வருகிறது என்று சொல்கிறது. அந்த நாளங்களில் உள்ள 361 புள்ளிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் பொதுவான குறியீடுகள் கொடுத்திருக்கிறது. உடலை வெட்டிப் பார்த்தால் நாளம் எதுவும் தெரியாது. ஆய்வுகூடத்தில் தெரிவது வேறு: ஊசி தசையிலுள்ள நரம்பு நுனிகளைத் தூண்டுகிறது, முண்ணாணிலும் மூளையிலும் நோவைத் தணிக்கும் எண்டோர்பின்கள் சுரக்கின்றன, குத்திய இடத்தில் அதேபோல் நோவைத் தணிக்கும் அடினோசின் கூடுவதாக 2010இல் எலிகளில் காட்டப்பட்டது. வைத்தியர் எந்த விளக்கத்தை நம்பினாலும் பரவாயில்லை, ஊசிக்குக் கீழே எந்த உறுப்பு இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எந்த நோவுக்கு உண்மையிலேயே கேட்கும்?

நாட்பட்ட நாரி நோவு, கழுத்து நோவு, முழங்கால் தேய்வு, அடிக்கடி வரும் ஒற்றைத் தலையிடி, தசை இறுக்கத்தால் வரும் தலையிடி. இந்த ஐந்துக்கும்தான் ஆய்வுகள் கூடுதலாக நடந்திருக்கின்றன. சத்திரசிகிச்சைக்குப் பின்னும் புற்றுநோய் மருந்தேற்றிய பின்னும் வரும் குமட்டலுக்குப் பயன் உண்டு என்று அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 1997இலேயே சொல்லிவிட்டது.

எவ்வளவு பயன்? ஜேர்மனியில் நாட்பட்ட நாரி நோவுள்ள 1,162 பேரிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதத்தின் பின் நல்ல முன்னேற்றம் கண்டவர்கள் உண்மையான அக்குபங்சரில் 47.6 வீதம், வழமையான சிகிச்சையில் 27.4 வீதம். இதை மட்டும் சொல்லி நிறுத்தும் வைத்தியர்கள் உண்டு. அதே ஆய்வில் புள்ளி இல்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி குத்திய மூன்றாவது குழுவிலும் 44.2 வீதத்தினருக்குச் சுகம் வந்தது. அதாவது ஊசியால் பயன் இருக்கிறது. ‘மிகச் சரியான புள்ளி’ என்பதற்கு நாங்கள் கொடுக்கும் மரியாதை கொஞ்சம் கூட.

நாடுகளும் ஒரே முடிவில் இல்லை. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இல் நாரி நோவுக்கு முதலில் முயலக்கூடிய வழிகளில் ஒன்றாக இதைச் சேர்த்தது. பிரித்தானியாவில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு 2016இல் நாரி நோவுக்கு வேண்டாம் என்றது. 2021இல், வேறு காரணம் தெரியாத நாட்பட்ட நோவுக்கு முயலலாம் என்றது. நம்புவோருக்கும் மறுப்போருக்கும் கையில் ஆளுக்கொரு தாள் இருக்கிறது.

நாடி பிடித்து, நாக்கைப் பார்த்து நோயைச் சொல்ல முடியுமோ?

மரபு முறையில் பரிசோதனை நான்கு வகை: பார்த்தல், கேட்டலும் மணத்தலும், விசாரித்தல், தொட்டறிதல். நாடியை இரண்டு மணிக்கட்டிலும் மும்மூன்று விரல் வைத்துப் பார்ப்பார்கள். பெருவிரல் பக்கம் துருத்தும் எலும்புக்கு நேரே நடுவிரல், அதற்கு முன்னும் பின்னும் மற்ற இரண்டு. மேலாக ஒரு தடவை, அழுத்தி ஒரு தடவை. சித்த வைத்தியர் பார்க்கும் வாதம், பித்தம், சிலேற்பன நாடியும் அதே இடந்தான், ஆனால் கணக்கு வேறு. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

நாக்கில் நிறம், தடிப்பு, மேலே படிந்த மாவு, ஓரத்துப் பல்லடையாளம், வெடிப்பு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். அன்று காலை நாக்கு வழிக்க வேண்டாம். வெற்றிலை, கோப்பி, பீற்றூட், மஞ்சள் போட்ட பால் எல்லாம் நிறத்தை மாற்றும். வெற்றிலை போடுபவரின் நாக்கைப் பார்த்து ‘உடம்பில் சூடு கூட’ என்று சொல்வதில் ஒரு அர்த்தமும் இல்லை.

இவற்றிலிருந்து ‘சிறுநீரக நாளம் பலவீனம்’ என்று சொன்னால், சிறுநீரகம் பழுது என்று பயந்து ஓடத் தேவையில்லை. அது மரபின் வகைப்பாடு. இரத்தத்தில் கிரியற்றினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) அளவோடு அதற்குத் தொடர்பில்லை. மறுபக்கமும் உண்மை: நாடி நன்றாக இருக்கிறது என்று சொன்னதால் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று ஆகாது. ஒரே ஆளின் நாடியைப் பார்த்து இரண்டு வைத்தியர் இரண்டு விதமாகச் சொல்வதும் சாதாரணம்.

நோவுக்கு உண்மையில் கைகொடுப்பது விசாரிப்பும் தொட்டுப் பார்ப்பதும்தான். எங்கே தொடங்கி எங்கே போகிறது, குத்தோ, உளைவோ, எரிவோ, விறைப்போ, விடியவோ இரவோ, எதைச் செய்தால் கூடும். பிறகு தசையை விரலால் அழுத்தித் தேடினால் ‘அதுதான், அந்த இடந்தான்’ என்று நீங்களே துள்ளும் இடம் ஒன்று அகப்படும். சீனத்தில் அதற்கு ‘அஷி’ புள்ளி என்று பெயர். உங்களை எழுப்பி, குனிய வைத்து, மூட்டை அசைத்துப் பாராமல் நாடியோடு மட்டும் முடித்து ஊசியை எடுப்பவரிடம் முதுகைக் கொடுக்க வேண்டாம்.

எந்தக் குறி இருந்தால் ஊசிக்கு வராமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

நாரி நோவோடு சலம் போகாமல் அடைத்தல், மலம் தெரியாமல் போதல், கதிரையில் இருக்கும்போது படும் இடத்தில் விறைப்பு, இரண்டு காலும் சோர்தல்: அன்றைக்கே. நரம்புக் கற்றை நசிபட்டிருக்கலாம். நேரம் போனால் திரும்பி வராது.

நெஞ்சு இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் நோவு, வியர்வை. முகம் கோணுதல், ஒரு கை சோர்தல், பேச்சுக் குழறல். பாரிசவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை 4½ மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். ‘முதலில் ஒரு ஊசி குத்திப் பார்ப்பம்’ என்று ஒரு மணித்தியாலத்தைத் தொலைக்காதீர்கள். 1990க்கு எடுத்தால் அம்புலன்ஸ் இலவசம்.

இடி விழுந்ததுபோல் திடீரென்று உச்சத்துக்கு வரும் தலையிடி. ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகப் பொட்டுப் பக்கம் தலையிடி, சப்பும்போது தாடை நோவு, கண் மங்கல். விழுந்த பின் வந்த நோவு. காய்ச்சலோடு முதுகு நோவு. காரணமில்லாமல் மெலிவு. முன்பு புற்றுநோய் வந்தவருக்கு இரவில் கூடும் எலும்பு நோவு. இவற்றுக்கு முதலில் ஆஸ்பத்திரிப் பரிசோதனை, பிறகுதான் மற்றதெல்லாம்.

மாரி காலத்தில் காய்ச்சலும் உடம்பு உளைவும் வந்தால்?

ஊசி இல்லை, கப்பிங் (கிண்ணம் வைத்துத் தோலை உறிஞ்சி இழுப்பது) இல்லை, புறூஃபன், அஸ்பிரின் வகைக் குளிசையும் இல்லை. டெங்கு இல்லை என்று இரத்தப் பரிசோதனை சொல்லும்வரை பனடோலும் நீராகாரமும்தான். குருதிச் சிறுதட்டு இறங்கியிருக்கும்போது தசைக்குள் ஊசி போனால் உள்ளே இரத்தம் கட்டும். சிக்குன்குனியா மாறிய பின் மாதக்கணக்காக நிற்கும் மூட்டு நோவு வேறு விசயம்; காய்ச்சல் விட்டு, வீக்கம் ஆறிய பின் அதற்கு முயலலாம்.

நாரி நோவு காலுக்கு இறங்குது. டிஸ்க் விலகல் எண்டு சொன்னவை. ஊசியால் டிஸ்க் உள்ளே போகுமோ?

போகாது. ஊசி டிஸ்க்கைத் தொடுவதே இல்லை. தசையின் இறுக்கத்தையும் நோவையும் குறைத்து நடக்க வைக்கும், அவ்வளவுதான். காலுக்கு இறங்கும் நோவு பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 கிழமைக்குள் தானாகவே தணிந்துவிடும். அந்த இடைவெளியைத் தாண்டத்தான் உதவி தேவை.

முதலில் நிமிர்ந்து படுக்க வைத்து, முழங்காலை மடக்காமல் காலை மெதுவாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். 30 பாகைக்கும் 70 பாகைக்கும் இடையில் முழங்காலுக்குக் கீழே நோவு ஓடினால் நரம்பு வேரில் அழுத்தம் என்று எடுக்கலாம். தொடைக்குப் பின்னால் மட்டும் இழுத்தால் அது பெரும்பாலும் தசை. பெருவிரலை மேலே தூக்கச் சொல்லி, குதிக்காலில் நடக்கச் சொல்லிப் பலமும் பார்க்க வேண்டும். பலம் கிழமைக்குக் கிழமை குறைந்தால் நிபுணரிடம்.

புள்ளிகள் (அடைப்புக்குள் அவற்றின் குறியீடு): இடுப்பு மட்டத்தில் முள்ளந்தண்டின் இரு பக்கமும் (பி.எல். 23, பி.எல். 25), முழங்கால் மடிப்பின் நடு (பி.எல். 40), பிட்டம் (ஜி.பி. 30), முழங்காலுக்கு வெளியே கீழ்ப்பக்கம் (ஜி.பி. 34). பிட்டத்தில் 50 மி.மீ. வரை ஆழம் போகும். அங்கே மின்னல்போல் கால்வரை வெட்டினால் உடனே சொல்லுங்கள். நரம்பில் பட்டிருக்கிறது, ஊசியைச் சற்று வெளியே எடுக்க வேண்டும். வெங்காயத் தறையில் நாள் முழுக்கக் குனிந்து நிற்பவர் ஊசி குத்திய மறுநாள் நோவு இல்லை என்று பாத்தி கட்டப் போனால் மூன்றாம் நாள் படுக்கைதான்.

தலைக்கு மேலே கை தூக்கிக் கும்பிட ஏலாமல் இருக்கு. எத்தனை ஊசியில் சரிவரும்?

முதலில் எந்த வகை என்று பார்ப்போம். முழங்கையை விலாவோடு ஒட்டி 90 பாகைக்கு மடக்கி, முன்னங்கையை வெளிப்பக்கம் திருப்புங்கள். இன்னொருவர் பிடித்துத் திருப்பினாலும் போகவில்லை என்றால் மூட்டு உறைந்துவிட்டது. மற்றவர் தூக்கினால் போகிறது, தானாகத் தூக்க முடியவில்லை என்றால் தசைநாரில் பிசகு. மரமேறிச் சீவும் தொழிலாளருக்கும் கரைவலை இழுப்பவருக்கும் இரண்டாவது வகைதான் கூட.

உறைந்த தோள்மூட்டு சலரோகக்காரருக்கு அதிகம் வரும். ஆகவே சீனி பார்க்காதவர் முதலில் சீனி பார்க்க வேண்டும். அது ஒன்று முதல் மூன்று வருடம் இழுக்கும் நோய். ஊசி நோவைக் குறைத்து இரவில் நித்திரை கொள்ள விடும். அசைவைத் திருப்பிக் கொண்டுவருவது பயிற்சி. சுவரில் விரலால் ஏறுவது நாளுக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் பத்து. எட்டிய உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். ‘ஐந்து ஊசியில் கை பறக்கும்’ என்று சொல்பவர் இந்த நோயைச் சரியாகப் பார்த்தவர் அல்ல.

தோளின் மேற்பகுதித் தசையில் (ஜி.பி. 21) நேராக ஆழமாகக் குத்தக் கூடாது. அதற்குக் கீழே நுரையீரலின் உச்சி. சரித்து, 5 முதல் 8 மி.மீ. அளவே போக வேண்டும். மெலிந்தவர்களில் அந்தத் தசையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு குத்துவது பாதுகாப்பு.

முழங்கால் தேய்வுக்கு?

தேய்ந்தது வளராது, நோவு குறையும். சிரட்டைக்குக் கீழே இரண்டு பக்கமும் உள்ள குழிகள், அதற்கு நாலு விரல் கீழே வெளிப்பக்கம் (எஸ்.ரி. 36), உட்பக்க எலும்பு வளைவு (எஸ்.பி. 9) ஆகியவை வழமையான இடங்கள். குழிகளில் மூட்டறைக்குள் ஊசி போகக் கூடாது. மூட்டுக்குள் கிருமி புகுந்தால் சத்திரசிகிச்சை வரை போகும். முழங்கால் சூடாகி, சிவந்து, வீங்கியிருந்தால் அன்று ஊசியே வேண்டாம்.

கதிரையில் இருந்து காலை நீட்டி ஐந்து செக்கன் பிடித்துவிடுவது, பத்துத் தடவை, நாளுக்கு மூன்று முறை. இதைச் செய்யாதவருக்கு ஊசியின் பயன் நிற்பதில்லை. கோயிலில் சப்பாணி கட்டி இருப்பதையும் குந்தும் மலசலகூடத்தையும் கொஞ்சக் காலம் தவிர்க்கலாம்.

தலையிடிக்கு மாதக்கணக்காகப் பனடோல் போடுறன். ஊசி குத்தினால் விடலாமோ?

எண்ணிப் பாருங்கள். மாதத்தில் 15 நாளுக்கு மேல் பனடோல் போடுபவருக்கு அந்தக் குளிசையே தலையிடியைக் கொண்டுவரும். கோடீன் கலந்தது என்றால் 10 நாளே போதும். அதை நிறுத்தாமல் எந்தப் புள்ளியில் குத்தியும் பயனில்லை. நிறுத்திய முதல் ஓரிரு கிழமை தலையிடி கூடும், அந்தக் கிழமைகளில் ஊசி கைகொடுக்கலாம்.

ஒற்றைத் தலையிடிக்கு 22 ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வந்த கொக்ரேன் மதிப்பாய்வு எளிமையாகச் சொல்கிறது: மாதத்தில் 6 நாள் தலையிடி வருபவருக்கு வழமையான கவனிப்பில் அது 5 நாளாகும், போலி ஊசியிலோ தடுப்புக் குளிசையிலோ 4 நாள், உண்மையான ஊசியில் 3½ நாள். குறைந்தது ஆறு தடவையாவது செய்திருக்க வேண்டும். பிடரிக் குழியில் (ஜி.பி. 20) குத்தும்போது ஊசி மூக்கு நுனியை நோக்கியே போக வேண்டும். மேல்நோக்கி ஆழமாகப் போனால் ஆபத்து, அங்கே மூளைத்தண்டு இருக்கிறது.

முதல் நாள் என்ன நடக்கும்? நோகுமோ?

45 நிமிடம் முதல் ஒரு மணித்தியாலம். அதில் பாதி விசாரிப்புக்கும் பரிசோதனைக்கும். கிளினிக் கொப்பி, எக்ஸ்றே, போடும் குளிசைகளின் பட்டியல், தளர்வான உடுப்பு ஆகியவற்றோடு வாருங்கள். முதல் நாள் படுத்தபடிதான் ஊசி. 6 முதல் 12 ஊசி போதும், 20 முதல் 30 நிமிடம் வைத்திருப்பார்கள். பெண்களுக்கு வேண்டுமென்றால் கூட ஒருவர் உள்ளே இருக்கலாம். அதைக் கேட்கக் கூச்சப்படத் தேவையில்லை.

தோலைத் தாண்டும்போது நுளம்புக் கடி அளவு. உள்ளே போன பின் பாரமான, அகலிக்கிற ஒரு உளைவு வரும், அது வழமை. சுள்ளென்று தோலில் எரிந்தால் பெரும்பாலும் ஸ்பிரிற் காயமுன் குத்தியதால்தான். ஊசி இருக்கும்போது கையைக் காலை அசைத்தால் தசை இறுகி ஊசி வளையும் அல்லது சிக்கும். சிக்கினால் இழுக்கக் கூடாது. சில நிமிடம் விட்டு, சுற்றித் தடவி, தேவை என்றால் பக்கத்தில் இன்னொரு ஊசி போட்டால் தசை தளர்ந்து விடும்.

வெறுவயிற்றோடு வரலாமோ? விரத நாளில்?

வேண்டாம். மயக்கம் போடுபவர்களில் பெரும்பாலானோர் சாப்பிடாமல் வந்தவர்கள் அல்லது முதல் நாளே கதிரையில் இருத்திக் குத்தப்பட்டவர்கள். ஒன்றிரண்டு மணித்தியாலம் முன்பு நாலு இடியப்பமோ ஒரு துண்டுப் புட்டோ சாப்பிட்டு வாருங்கள். வயிறு முட்டவும் வேண்டாம். கந்தசஷ்டி ஆறு நாளும் உபவாசம் இருப்பவர், வெள்ளி விரதக்காரர் வேறு நாள் எடுக்கலாம். நல்லூரில் பிரதட்டை செய்துவிட்டு அதே காலையில் நேரே வருவதும் நல்லதல்ல.

முகம் வெளிறி, வியர்த்து, ‘ஒரு மாதிரி இருக்கு’ என்றால் எல்லா ஊசியையும் உடனே எடுத்து, தட்டையாகப் படுக்க வைத்து, காலை உயர்த்தி, தெளிந்த பின் சீனி போட்ட தேத்தண்ணி. 10, 15 நிமிடத்தில் சரியாகும். அன்று மோட்டார் சைக்கிள் ஓட்ட வேண்டாம்.

சலரோகம் இருக்கு. ஊசி குத்தின புண் ஆறாதோ?

நூல் தடிப்பு ஊசியின் துளை பொதுவாகப் பிரச்சினை தராது. பிரச்சினை மூன்று இடத்தில்: உணர்ச்சி குறைந்த பாதம், ஏற்கெனவே புண் உள்ள கால், இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வருதல். சீனி 70க்குக் கீழே என்றால் ஊசி இல்லை, முதலில் சாப்பாடு. விறைத்த பாதத்தில் மொக்சா என்னும் மூலிகைச் சூடும் சிவப்பு விளக்குச் சூடும் கட்டாயம் தவிர்க்க வேண்டும். சுடுவது தெரியாமல் வெந்து, அந்தப் புண்ணில் தொடங்கி விரல் போனவர்கள் உண்டு.

இரத்தம் உறையாமலிருக்க வோபரின் போடுறன்?

இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். கொப்பியைக் கொண்டுவாருங்கள். அளவு கிளினிக் சொன்ன எல்லைக்குள் இருந்தால் கை கால்களில் மேலோட்டமாகக் குத்தலாம். ஆழமான தசையிலும் முள்ளந்தண்டுக்கு அருகிலும் வேண்டாம். ஊசி எடுத்த பின் இரண்டு மூன்று நிமிடம் பஞ்சால் அழுத்த வேண்டும். கப்பிங் கூடவே கூடாது. ஊசிக்காக நீங்களாகவே வோபரினை நிறுத்தினால் இதய வால்வு போன்ற இடங்களில் இரத்தக்கட்டி பிடிக்கலாம். குத்துவதைவிட அதுதான் பெரிய ஆபத்து.

எனக்கெண்டு தனி ஊசி வச்சிருந்து, ஸ்பிரிற்றில் போட்டுத் திரும்பப் பாவிக்கலாமோ?

கூடாது. பேர் எழுதிய போத்தலில் ஸ்பிரிற்றுக்குள் ஊறிய ஊசி சுத்தமாகத் தெரியும், கிருமியற்றது அல்ல. ஹெப்பற்றைற்றிஸ் பி, சி இரண்டும் இப்படிப் பரவியிருக்கின்றன. வேறு ஒரு வகைக் கிருமி, குத்திக் கிழமைக்கணக்கில் கழிந்தபின் ஆறாத கட்டிகளாக வெளிவரும். உறை உங்கள் கண்முன் உடைய வேண்டும், காலாவதித் திகதி தெரிய வேண்டும், ஒரு தடவை பாவித்தது துளைபடாத மஞ்சள் பெட்டிக்குள் போக வேண்டும். ஊசியின் உடலை வெறும் விரலால் பிடித்தபடி தோலுக்குள் இறக்குபவரிடம் ‘குழாய் வச்சுக் குத்துங்கோ’ என்று சொல்லலாம்.

பிறசர், சலரோகம், தைரோயிட் எல்லாம் மாறும், குளிசையை நிறுத்தச் சொல்லீனம். உண்மையோ?

இல்லை. தமிழ்நாட்டிலிருந்து வரும் யூடியூப் காணொளிகளில் ‘ஒரே புள்ளியைத் தொட்டால் போதும், பரிசோதனையே தேவையில்லை, ஆங்கில மருந்து நஞ்சு’ என்று பேசுவோர் இருக்கிறார்கள். அவர்களை நம்பி இன்சுலினை நிறுத்தினால் இரத்தம் அமிலமாகி உயிர் போகலாம். பிறசர் குளிசையைத் திடீரென்று விட்டால் பாரிசவாதம் வரலாம். உண்மையான அக்குபங்சர் வைத்தியர் உங்கள் குளிசைப் பட்டியலில் கை வைக்கமாட்டார். குறைப்பது கூட்டுவது கிளினிக்கில் எழுதிக் கொடுத்தவரின் வேலை.

நித்திரைக் குறைவு, மனப் பதற்றம், மாதவிடாய் நிற்கும் வயதின் உடல் சூடு ஆகியவற்றுக்குச் சிலருக்கு ஆறுதல் கிடைக்கிறது. முயல்வதில் தவறில்லை. பிள்ளைப்பேறுக்கு என்று பெரிய தொகை கேட்டால் யோசியுங்கள்: அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் சோதனைக்குழாய்க் கருத்தரிப்புச் செய்த 848 பெண்களிடம் நடந்து 2018இல் வெளிவந்த ஆய்வில், உண்மை ஊசிக்கும் போலி ஊசிக்கும் உயிர்ப் பிறப்பில் வேறுபாடு இருக்கவில்லை (18.3 வீதம், 17.8 வீதம்). மெலிவதற்கான காது ஊசிக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

உடம்பில் போரில் பட்ட செல் (எறிகணை) துண்டு இருக்கு. ஊசி குத்தலாமோ?

குத்தலாம், துண்டு இருக்கும் பக்கம் விட்டு. எங்களூரில் இதைக் கேட்காமல் ஊசியை எடுக்கவே கூடாது. பலர் தாமாகச் சொல்வதில்லை, பழைய தழும்பு என்று விட்டுவிடுவார்கள். எக்ஸ்றே பார்த்து இடத்தை அறிந்து, அதைச் சுற்றி ஆழமாகக் குத்துவதையும் மின்சாரம் கொடுப்பதையும் தவிர்க்க வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னாலும் துண்டு இருப்பதை முதலில் சொல்லுங்கள், காந்தம் இழுக்கும்.

கால் இழந்தவர்களுக்கு இல்லாத பாதம் எரிவது, விரல் முறுக்குவது உண்மையான நோவு, மனப்பிரமை அல்ல. மற்றக் காலில் அதே இடத்திலும் காதிலும் குத்திப் பார்க்கலாம்; சிலருக்கு எரிவு குறைகிறது, ஆய்வுகள் சிறியவை. ஆனால் எஞ்சிய காலின் நுனி நோகிறது என்றால் முதலில் செயற்கைக் காலின் கிண்ணம் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். உடம்பு மெலிந்தோ பெருத்தோ கிண்ணம் பொருந்தாமல் போனதற்கு ஊசி மருந்தல்ல.

கர்ப்பகாலத்தில்?

மரபுப்படி பெருவிரல், சுட்டுவிரல் இடையும் (எல்.ஐ. 4), உட்கணுக்காலுக்கு நாலு விரல் மேலும் (எஸ்.பி. 6), தோள் மேலும் தவிர்க்கப்படும். வயிற்றிலும் வேண்டாம். காலைச் சத்திக்கு ஊசி இல்லாமலே வழி இருக்கிறது: மணிக்கட்டு மடிப்புக்கு மூன்று விரல் மேலே, இரண்டு தசைநார்க் கயிறுகளுக்கு நடுவே பெருவிரலால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்துங்கள். பஸ் பயணத்தில் சத்தி வருபவர்களும் இதைச் செய்யலாம்.

கரண்ட் கொடுக்கிறது, கப்பிங் எல்லாம் தேவையோ?

கட்டாயமில்லை. மின்னூசிக்குப் பற்றறிக் கருவிதான். நாட்பட்ட நோவுக்கு வழமையாகச் செக்கனுக்கு 2 முதல் 4 துடிப்பு, தசை மெல்லத் துள்ளும் அளவு. பேஸ்மேக்கர் இருப்பவருக்குக் கூடாது, யாருக்கும் நெஞ்சுக்குக் குறுக்கே கூடாது. கப்பிங் வட்டத் தழும்பு ஒரு கிழமை அளவில் மறையும். பத்து நிமிடத்துக்கு மேல் வைத்தால் கொப்புளம் போடக்கூடும். தோலைக் கீறி இரத்தம் எடுக்கும் வகையை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

எத்தனை தடவை வரவேணும்?

புதிய பிடிப்புக்கு ஒரு கிழமைக்குள் இரண்டு மூன்று தடவை. நாட்பட்டதற்குக் கிழமைக்கு ஒன்றோ இரண்டோ, மொத்தம் ஆறு, பிறகு கணக்குப் பார்க்க வேண்டும். தொடங்கு முன் நோவுக்கு 0 முதல் 10 வரை ஓர் எண் போட்டு எழுதுங்கள். செய்ய முடியாத ஒரு வேலையையும் எழுதுங்கள்: கிணற்றில் பத்து வாளி அள்ளுவது, பின்னல் போடுவது, நல்லூர் வீதி ஒரு சுற்று நடப்பது. ஆறாவது தடவையில் எண் குறைந்தது இரண்டு இறங்கியிருக்க வேண்டும், அல்லது அந்த வேலை இலகுவாகியிருக்க வேண்டும். இரண்டும் இல்லை என்றால் நிறுத்துங்கள். ‘உடம்பு நஞ்சை வெளியேற்றுது, இன்னும் பத்து வேணும்’ என்பது விற்பனைப் பேச்சு. பத்துத் தடவைக்கு முன்பணம் கட்டவும் வேண்டாம்.

யாரிடம் போவது?

இலங்கையில் அக்குபங்சர் 1970களில் வேரூன்றியது. கொழும்புக்கு அருகே களுபோவில அரசு வைத்தியசாலையில் டொக்டர் அன்ரன் ஜயசூரிய நடத்திய சிகிச்சையும் பயிற்சியும் அதற்குப் பெரிய காரணம். இன்று சுவரில் தொங்கும் சான்றிதழ்கள் பல வகை, சில மாதப் பயிற்சியும் உண்டு, சில நாள் பயிற்சியும் உண்டு. சான்றிதழைவிட அடிப்படைத் தகுதியைக் கேளுங்கள்: இலங்கை மருத்துவச் சபையிலோ ஆயுர்வேத மருத்துவச் சபையிலோ பதிவு இருக்கிறதா, பதிவிலக்கம் என்ன. அதோடு, நெஞ்சில் ஊசி பிழைத்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். பதில் தடுமாறினால் வேறிடம்.

வீட்டுக்குப் போன பின் எது வழமை, எது பயப்பட வேண்டியது?

சிறிய நீலம், ஒரு நாள் உளைவு, அசதி, நல்ல நித்திரை: வழமை. ஜேர்மனியில் 2,29,230 பேரிடம் நடந்த பெரிய கணக்கெடுப்பில் 8.6 வீதத்தினர் ஏதாவது ஒரு பக்கவிளைவைச் சொன்னார்கள். பெரும்பாலும் இரத்தக் கசிவு, நோவு. நுரையீரல் துளைபட்டவர்கள் இரண்டு பேர். அரிது, ஆனால் இல்லை என்றில்லை. நெஞ்சிலோ முதுகின் மேற்பக்கமோ தோளிலோ குத்திய அன்று திடீர் நெஞ்சு நோவு, வறட்டு இருமல், மூச்சு வாங்கல் வந்தால், சில மணித்தியாலம் கழித்து வந்தாலும், போதனா வைத்தியசாலை அவசரப் பிரிவுக்குப் போய் ‘அக்குபங்சர் குத்தினது’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வாயு என்று அனுப்பிவிடக்கூடும். குத்திய இடம் சிவந்து சூடாகிச் சீழ் வைத்தாலும் காட்ட வேண்டும்.

வீட்டில் உடுப்பு மாற்றும்போது தலைமயிருக்குள் ஒரு ஊசி இருந்தது. என்ன செய்ய?

நேராக வெளியே இழுத்து, ஒரு நிமிடம் பஞ்சால் அழுத்துங்கள். இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்ரிக் போத்தலில் ஊசியைப் போட்டு அடுத்த தடவை கொண்டுபோய்க் கொடுங்கள், குப்பையில் போட்டால் எடுப்பவரின் கையில் ஏறும். குத்தும்போது எத்தனை, எடுக்கும்போது எத்தனை என்று கொப்பியில் எழுதுகிறார்களா என்று அன்றைக்கே கேளுங்கள்.